குகையல்ல, முழை

பகல் மூன்று மணிக்கு மும்பையின் மாட்டுங்காவுக்கு ஒரு மயக்கம் வரும். சமையலறைகள் ஓய்ந்து, சாயங்காலக் காப்பிக்கு இன்னும் பால் அடுப்பில் ஏறாத நேரம். கிங்ஸ் சர்க்கிள் பக்கமிருந்து வரும் பஸ்களின் ஹார்ன்கூட அப்போது தூக்கக் கலக்கத்தில் கேட்கும். அந்த நேரத்தில்தான் நான் வேலை செய்வேன். முப்பது வருஷம் ஆபீஸில் அடுத்தவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். ஓய்வுபெற்ற பிறகு அடுத்தவர் எடுத்த படங்களுக்குத் தமிழ் எழுதுகிறேன். டிவியில் புலியும் திமிங்கிலமும் எரிமலையும் வரும்போது பின்னால் ஒரு குரல் தமிழில் விளக்கம் சொல்லுமே, அதில் சிலது நான் எழுதியது. சென்னையில் இருப்பவர்கள் அதைக் கேட்டு இது எந்த ஊர்த் தமிழ் என்று சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். என் தமிழ் பாலக்காட்டில் கிளம்பி, பம்பாயில் இறங்கி, ஹிந்தியோடு ஒண்டுக் குடித்தனம் நடத்தும் தமிழ். அதற்கும் ரோஷம் உண்டு.

இந்த வேலையில் அர்த்தத்தைவிட நேரம்தான் முக்கியம். ஆங்கிலக்காரர் ஒரு வாக்கியத்தை ஐந்து நொடியில் முடித்திருந்தால் நானும் ஐந்து நொடியில் முடிக்க வேண்டும். நான் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரி நான் பாட்டு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த எண்ணத்தை நானும் கலைக்கவில்லை.

போன ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், குகைகளைப் பற்றிய படம் ஒன்று வந்தது. பூமிக்கு அடியிலேயே ஓடும் ஆறுகள், கண் இல்லாத வெள்ளை மீன்கள், லட்சக்கணக்கான வருஷமாகச் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே மழையும் லேப்டாப்புக்குள் அந்தச் சொட்டும் கலந்து, எது வீடு எது படம் என்று எனக்கே தெரியாமல் போன மத்தியானங்கள் உண்டு. படத்தின் நடுவில் ஒரு இடம். நான்கு பேர் வயிற்றால் ஊர்ந்து ஒரு குகைக்குள் போகிறார்கள். மூச்சு முட்டுகிறது. பிறகு ஒருவர் எழுந்து நின்று விளக்கை உயர்த்துகிறார். வெளிச்சம் போகிறது, போகிறது, எதிர்ச்சுவரைத் தொடவே இல்லை. உள்ளேயே மேகம் மிதக்கிறது. அப்போது ஆங்கிலக் குரல் மெதுவாகச் சொல்கிறது: இது கேவ் அல்ல, இது கேவர்ன்.

ஆங்கிலத்தில் சின்னதற்கு ஒரு சொல், பெரியதற்கு ஒரு சொல். தமிழில் இரண்டையும் குகை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். குகையல்ல, குகை என்று எழுத முடியுமா? பெருங்குகை என்று போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது எனக்கு ஒட்டவில்லை. சட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்து இது கோட்டு என்று சொல்வதுபோல இருந்தது. நான் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நான்கைந்து நாள் நான் சுகமாகத் தொலைந்துபோனேன். குகை என்பது வடமொழியிலிருந்து வந்தது, அதன் வேருக்கு ஒளித்து வைப்பது என்று பொருள். ரகசியத்துக்கும் அதே வேர்தான். ஆங்கிலக்காரரின் கேவர்ன் லத்தீனிலிருந்து வந்தது, அதன் வேருக்கு உள்ளே ஒன்றும் இல்லாதது, வெறும் பள்ளம் என்று பொருள். ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்யும் மராத்திப் பையனிடம் கேட்டேன். அவர்கள் மலையில் குடைந்த குகைகளை லேணி என்பார்களாம். அதைத் தேடிப் போனால் தங்குமிடம், ஓய்ந்து படுக்கிற இடம் என்று ஒரு பழைய பொருளில் போய் நின்றது. தமிழுக்குள்ளேயே பார்த்தால், மலை பிளந்த இடம் விடர். நண்டும் பாம்பும் இருப்பது அளை. புலியும் சிங்கமும் படுத்திருக்கும் பெரிய மலைக்குகைக்கு முழை. முழை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்திலேயே நுழை என்ற சொல்லுக்கும் குகை என்று ஒரு பொருள் போட்டிருந்தது. இரண்டும் உறவா என்று உறுதியாகச் சொல்ல நான் பண்டிதை இல்லை. உறவு என்றே வைத்துக்கொண்டேன்.

ஒரே இருட்டைப் பார்த்து ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் என்றிருக்கிறார், ஒருவர் வெறுமை என்றிருக்கிறார், ஒருவர் படுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். நம் ஆள் மட்டும் குனிந்து உள்ளே நுழைந்திருக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "இது குகையல்ல, முழை." தொடையில் தட்டிப் பார்த்தேன். நேரமும் கச்சிதமாக உட்கார்ந்தது.

இந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவள் தாராவியில் இருந்தாள். நாற்பது வயதுக்காரி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கணவனுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. கார்ட்டூன் படங்களில் அம்மா குரல், கூட்டத்தில் கத்தும் குரல், பிசாசு சிரிக்கும் குரல் என்று எட்டு வருஷம் ஓட்டியிருந்தாள். அவள் பேசும்போது திருநெல்வேலி துள்ளும். மைக் முன்னால் நின்றால் அது அடங்கி, வேறொரு குரல் வரும். தாழ்ந்து, ஈரமாக, அவசரமே இல்லாத குரல். முதல் தடவை கேட்டபோது நான் எழுதியதுதானா இது என்று எனக்குச் சந்தேகமே வந்தது. அன்றிலிருந்து என் படங்களுக்கு அவள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொள்வேன்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஹிந்தி படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார். இது மும்பையில் அதிசயமே இல்லை. இங்கே தமிழ்க் குரல் கொடுப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் அவளுக்காக நான் என் தமிழை ஹிந்தி எழுத்தில் திருப்பி எழுதிக் கொடுப்பேன். ழ-வுக்கு அதில் எழுத்துக் கிடையாது, ள-வுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பேன். அவள் காகிதத்தைப் பார்த்து வாசிப்பாள், கேட்கிறவர்களுக்குச் செந்தமிழ் கேட்கும். எங்கள் மூன்று பேரைத் தவிர, அதாவது அவள், நான், ஒலிப்பதிவுப் பையன் தவிர, யாருக்கும் இது தெரியாது. யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இந்தக் குகைப் படம் ஒரு பெரிய வரிசையின் முதல் படம். கடல், பாலை, காடு என்று பின்னால் இன்னும் நிறைய வர இருந்தன. முதல் படத்தில் குரல் பிடித்துப்போனால் அத்தனைக்கும் அதே குரல். பிசாசாகச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படிப்பட்ட வாய்ப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் தன் மகளிடம்கூடச் சொல்லவில்லை. கிடைத்த பிறகு டிவியைப் போட்டுவிட்டு, இது யார் குரல் சொல்லு என்று கேட்க வேண்டுமாம்.

ஆனால் இந்தத் தடவை தமிழைப் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து ஒருவர் வந்து பதிவில் உட்காருவார் என்றார்கள். காகிதம் கூடாது, சரசரப்பு மைக்கில் விழுகிறது, வசனம் திரையிலேயே தமிழில் ஓடும் என்றும் சொன்னார்கள். அவள் தமிழ் வாசிப்பாள் அல்லவா என்று அவர் ஈமெயிலில் கேட்டிருந்தார். சரளமாக வாசிப்பார் என்று நான் பதில் போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன். ஆனாலும் போட்டது நான்.

மீதி வழி ஒன்றுதான் இருந்தது, மனப்பாடம். இரண்டு வாரம் தினமும் மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு, ஹால் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் வாசிப்பேன். அவள் முணுமுணுவென்று திருப்பிச் சொல்வாள். மூன்றாம் நாள் நான் வாசிப்பதை நிறுத்தினேன், அவளே சொல்லிக்கொண்டு போனாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவள் குரலில் ஹாலின் சுவர்கள் விலகிப் போயின. மின்விசிறியின் காற்று எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. பால்காரர் மணி அடித்தபோது எங்கே இருக்கிறோம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த மத்தியானங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை.

முழை வந்த இடத்தில் மட்டும் அவள் கண்ணைத் திறந்தாள். அர்த்தம் கேட்டாள். நான் நான்கு நாள் சேர்த்து வைத்த ஞானத்தையெல்லாம் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொல்லை வாய்க்குள் இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமி, பெருங்குகைன்னே போட்டிருவோமா? இது யாருக்கும் தெரியாத சொல்லா இருக்கு. வர்றவரு அந்த எடத்துல வந்து மாத்துனார்னா நா மாட்டிக்கிடுவேன்."

"அதெல்லாம் மாத்த மாட்டா. நான் பாத்துக்கறேன். நீ பேசாம படுத்துக்கோ," என்றேன்.

அவள் படுத்துக்கொண்டாள்.

ஸ்டூடியோ செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைச் சாத்தினால் செம்பூரே காணாமல் போய்விடும். குரல் கொடுப்பவர் நிற்கும் அறையில் ஒரு சின்னத் திரையின் வெளிச்சம் மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்: ஒலிப்பதிவுப் பையன், சென்னைக்காரர், பின்னால் சோபாவில் சால்வை போர்த்திய நான். சென்னைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையானவர். என்னை மேடம் என்றார், காப்பி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு வழியே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. அவள் தொடங்கினாள்.

எத்தனையோ பதிவுகளில் உட்கார்ந்திருக்கிறேன், அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. திரையில் தமிழ் எழுத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன, அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் பார்த்தாள். சொட்டு விழும்போது குரல் நின்று, விழுந்த பிறகு தொடர்ந்தது. மீன்கள் வந்தபோது அவள் குரலுக்கும் கண் தெரியாததுபோல இருந்தது. இரண்டு வாரம் என் ஹால் தரையில் கிடந்த சொற்கள் அங்கே நடமாடிக்கொண்டிருந்தன. சென்னைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, இவர் இவ்வளவு நாள் எங்கே இருந்தார் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இது குகையல்ல, முழை," என்றாள் அவள்.

அவர் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொன்னார். முழை என்றால் என்ன மேடம் என்று கேட்டார். நான் சொன்னேன். அழகான சொல், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் புரியாது என்றார். புரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். குழந்தைகள் பார்ப்பார்கள் என்றார். குழந்தைகளுக்குத்தான் புதுச் சொல் வேண்டும் என்றேன். வேரைச் சொன்னேன், விடரைச் சொன்னேன், லத்தீனைச் சொன்னேன், பையனைக் காட்டி லேணியையும் சாட்சிக்கு இழுத்தேன். கால் மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. குரல்கூட உயர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்ஃபோனோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசிக்கொண்டேயிருந்தேன்.

கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, மன்னியுங்கள் மேடம் என்று லேப்டாப்பைத் திறந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை, அதனால் முன்னும் பின்னும் சேர்த்து நான்கு வாக்கியங்களைப் புதிதாக அடித்தார். நன்றாகத்தான் எழுதினார். எழுதியது அவள் திரையில் போய் விழுந்தது. படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் விட்டார்கள்.

விளக்கு உயர்ந்தது. வெளிச்சம் போனது, போனது. மேகம் மிதந்தது. குரல் வரவில்லை.

இன்னொரு முறை ஓட்டினார்கள். வரவில்லை. சென்னைக்காரர் பேசும் பொத்தானை அழுத்தி, ஏதாவது பிரச்சினையா, எழுத்துத் தெரியவில்லையா, பெரிதாக்கட்டுமா என்று அன்பாகக் கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இப்போது நினைத்தால் எவ்வளவு சுலபம். அவளுக்கு ஒரு தடவை காதால் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் பழக்கம், நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் எனக்கு அந்த ஈமெயில்தான் கண்முன் நின்றது. சரளமாக வாசிப்பார். கீழே என் பெயர்.

அவள் மைக்கின் பக்கம் குனிந்தாள். திருநெல்வேலித் தமிழிலேயே பேசினாள்.

"சார், எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். நீங்க ஒரு தடவ சொன்னீங்கன்னா அப்படியே சொல்லிருவேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் வாசித்துக் காட்டினார்கள், யார் ஹிந்தியில் எழுதிக் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. சென்னைக்காரர் நாற்காலியைத் திருப்பினார். அவருக்குக் கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாதே," என்றேன். "எனக்கும் இப்பதான் தெரியும்."

அவர் விரல் பொத்தானை விட்டு எடுபடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. என் குரல் அவள் ஹெட்ஃபோனுக்குள் போயிருக்கிறது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை. தெருவில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்து, தன்னை இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டாள். பையன் கருவிகளின் மேல் கவிழ்ந்து, திருக வேண்டாத எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

பிறகு அவர் நான்கு வாக்கியங்களையும் வாசித்துச் சொன்னார். அவள் ஒரே தடவையில் சொன்னாள். மீதிப் படத்தையும் முடித்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவரும் சொல்லவில்லை. அபூர்வமான குரல் என்று கைகூப்பினார். ஆனால் அடுத்தடுத்த படங்களில் கடைசி நேரத் திருத்தங்கள் நிறைய வரும், வாசிக்கத் தெரிந்தவர்தான் சரிப்படும், அதைச் சென்னையிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார். அவள் சரி சார் என்றாள். நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மழை நின்று, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, ஊர் மங்கலாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் தன் மகளுக்குப் பரீட்சை வருகிறது என்றாள். பட்டறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, தோலையெல்லாம் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றாள். எல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது தாங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

சயான் வந்தது. தாராவிக்கு அவள் அங்கேதான் இறங்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள்.

"அந்த ஒரு சொல்லுக்காவ அவ்வளவு நேரம் சண்ட போட்டீங்களே மாமி," என்றாள். "எனக்கும் கொஞ்சம் போட்டிருக்கலாம்லா."

கண்டக்டர் மராத்தியில் சீக்கிரம் இறங்கச் சொன்னார். அவள் இறங்கி, தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டி, கூட்டத்தோடு நடந்து போனாள். பஸ் பாலம் ஏறியது. கிங்ஸ் சர்க்கிளில் இறங்க எழுந்தபோதுதான், ஸ்டூடியோவில் அவர் கேட்டதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் வெளியே வந்தது.

"தெரியும்," என்றேன். "எனக்குத் தெரியும்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.